மலைக்கு அப்பால் ஒரு பந்தாட்டக்காரர்

சென்ற சித்திரையில் ஒரு மாலைப்பொழுது. பஞ்சாலைகளில் ஷிப்டு மாறி, சாலை முழுவதும் சைக்கிளும் மொபெட்டுமாய் நிறைந்திருந்த வேளை. இராஜபாளையத்தில் நம் அறைவீட்டுத் திண்ணைக்கு ஒரு தாய் தம் மகனை முன்னே தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். சத்திரப்பட்டியில் விசைத்தறியில் பேண்டேஜ் துணி நெய்பவர் அவர். கணவர் காலமாகி ஆண்டுகள் பல ஆயின. தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சுத் தூசியைக்கூடத் தட்டாமல் நேரே தறியிலிருந்து வந்திருந்தார்.

"சாமி, இவனுக்கு நீங்கதான் ஒரு புத்தி சொல்லணும். பத்தாவது பரீட்சை எழுதிட்டான். இவன் மாமா பாலிடெக்னிக்குல எடம் பாத்து வச்சிருக்காரு. இவன் என்னடான்னா பந்து ஆடப் போறேங்கிறான். பந்து சோறு போடுமா சாமி?"

பையன் வாய் திறக்கவில்லை. அவன் வலது முழங்காலில் ஒரு கட்டு. நம் பார்வை அங்கே சென்றதைக் கண்ட தாய், "நான் நெய்யுற துணிதான் சாமி. மாசத்துக்கு ரெண்டு தடவ இவனுக்கே சுத்த வேண்டியிருக்கு" என்றார். கோபத்தோடு சொன்னாரா, சற்றுப் பெருமையோடு சொன்னாரா என்று நம்மால் தீர்மானிக்க முடியவில்லை.

ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அவன் பேருந்தேறித் திருவில்லிபுத்தூர் சென்று அங்குள்ள பையன்களோடு கால்பந்து ஆடுகிறான் என்பது நாம் அறிந்ததே. அவன் ஆடும் இடம் சென்டர் பார்வர்டு. "அடுத்த வாரம் வாருங்கள் அம்மா, யோசித்துச் சொல்கிறோம்" என்று அனுப்பி வைத்தோம். தட்டிக்கழிப்பதற்காக அப்படிச் சொல்லவில்லை. பந்து சோறு போடுமா என்ற கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடையிறுக்க நம் மனம் ஒப்பவில்லை.

வாசக அன்பர்களுக்கு ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். குருமடத்தில் பயின்ற நாட்களில் மாலைதோறும் நாமும் கால்பந்து ஆடியவர்தாம். அங்கே நமக்குக் கிடைத்த இடம் பின்வரிசைக் காவல். முன்னே ஓடிப்போய்க் கோல் போடும் திறமை நமக்கு வாய்க்கவில்லை. பெரிய பாதங்கள் மட்டுமே வாய்த்திருந்தன. பின்னால் நின்று பார்த்தவர் என்பதாலேயே முன்வரிசை ஆட்டக்காரனின் பாடு நமக்கு நன்றாகத் தெரியும். காவல்காரன் தொண்ணூறு நிமிடமும் ஒழுங்காக ஆடினால் அன்றைய கடமை முடிந்தது. முன்வரிசைக்காரனோ எண்பத்தொன்பது நிமிடம் அற்புதமாக ஆடியிருக்கலாம். பந்து வலைக்குள் விழவில்லையென்றால் அவன் ஒன்றும் செய்யவில்லை என்பதே ஊராரின் தீர்ப்பு. ஒரே மனிதன் இந்த ஞாயிறு தோளிலே தூக்கப்படுவான். அடுத்த ஞாயிறு ஏசப்படுவான்.

அந்நாட்களில் நம்முடன் பயின்ற மலையாளத் தோழர் ஒருவர், இரவுச் சாப்பாடு முடிந்து உலாவும் நேரத்தில், தம் நாட்டு ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றி ஓயாது பேசுவார். இராஜபாளையத்திலிருந்து மேற்கே பார்த்தால் தெரிகிறதே மலை, அதன் அப்புறம் கேரளம். நம் ஊர் வழியாகச் செல்லும் ரயிலே செங்கோட்டையைக் கடந்து கொல்லத்தை அடைகிறது. அங்கிருந்து இன்னும் வடக்கே போனால் திருச்சூர். அந்தத் திருச்சூரில் 1969ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் பிறந்தவர் ஐ. எம். விஜயன். நமக்கு ஓராண்டு மூத்தவர். அந்த வாரம் முழுவதும் நம் நினைவில் நின்றவர் அவரே.

விஜயனின் இளமை வறுமையில் கழிந்தது. தந்தை விபத்தொன்றில் இறந்துபோனார். தாய் கிடைத்த கூலி வேலைகளைச் செய்து பிள்ளைகளைக் காப்பாற்றினார். திருச்சூர் நகராட்சி மைதானத்தில் பெரிய பந்தயங்கள் நடக்கும்போது, சிறுவன் விஜயன் பார்வையாளர்களிடையே சோடா விற்பான்; ஒரு பாட்டிலுக்குப் பத்துக் காசு கூலி. விற்றுக்கொண்டே ஆட்டத்தைப் பார்ப்பான். அதே மைதானத்தில் பின்னாளில் கூட்டம் அவனைப் பார்க்கக் கூடியது.

அந்நாளில் கேரளக் காவல்துறையின் தலைமை இயக்குநராயிருந்த எம். கே. ஜோசப் அவர்கள் பந்தாட்டப் பிரியர். காவல்துறைக்கென வலுவான அணி ஒன்றை அமைக்க விரும்பி, இளைஞர்களைத் தேடிப் பிடித்தவர். பதினெட்டு வயது நிரம்பும் தறுவாயிலிருந்த விஜயன் அவர் கண்ணில் பட்டார். 1987இல் காவல்துறை அணியில் இடம் கிடைத்தது. பந்து உதைத்ததற்காக ஓர் ஏழை வீட்டுப் பையனுக்கு அரசாங்கச் சம்பளம்! அந்த வீட்டில் அன்று அடுப்பு எவ்வளவு நம்பிக்கையோடு எரிந்திருக்கும் என்பதைப் பங்கு மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அந்த அணி வெறும் காவல்துறை அணியாக நின்றுவிடவில்லை. 1990இல் திருச்சூரிலேயே நடந்த இறுதி ஆட்டத்தில் கோவாவின் சால்கோகர் அணியை வென்று கூட்டமைப்புக் கோப்பையை வாங்கியது. சோடா விற்ற ஊரில் கோப்பை! அதற்கு மேல் ஒரு பையனுக்கு என்ன வேண்டும் என்று நாம் கேட்போம். கல்கத்தாவிலிருந்து அழைப்பு வந்தது. 1991இல் அவர் வேலையை விட்டு மோகன் பகான் அணிக்குப் போனார். மறு ஆண்டே காவல்துறைக்குத் திரும்பினார். அதற்கடுத்த ஆண்டு மீண்டும் கல்கத்தா. இந்தப் போக்குவரத்தைப் படிக்கும் தாய்மார்களுக்குத் தலை சுற்றும் என்பது நமக்குத் தெரியும். அரசாங்க வேலையை ஒரு முறை விடுவதே நம் வீடுகளில் பெரும் குற்றம். இவர் இரண்டு முறை விட்டார்.

விட்டதற்குப் பயன் இருந்தது. 1994இல் பஞ்சாபிலுள்ள பக்வாராவுக்குச் சென்றார். அங்கே அவரை ஏற்றுக்கொண்டது ஜே.சி.டி. என்னும் பஞ்சாலை நிறுவனத்தின் அணி. பஞ்சாலைக்கு ஓர் ஆட்டக்குழு இருப்பதன் பெருமையை இராஜபாளையத்து மக்கள் அறிவார்கள். சிக்கிமிலிருந்து வந்த பாய்ச்சுங் பூட்டியா என்னும் இளைஞரும் அங்கே அவரோடு சேர்ந்தார். மலையாளமும் நேபாளியும் பேசும் இருவர், மைதானத்தில் பேச்சே தேவையில்லாமல் ஒருவரையொருவர் புரிந்துகொண்டனர். 1995, 1996 ஆகிய இரு ஆண்டுகளிலும் கூட்டமைப்புக் கோப்பையும், 1996-97இல் முதன்முதலாக நடத்தப்பெற்ற தேசியக் கால்பந்துக் கழகப் போட்டியின் வாகையும் அந்தப் பஞ்சாலை அணிக்கே கிட்டின. இந்திய நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது விஜயனுக்கு மும்முறை அளிக்கப்பட்டது. அவருடைய விரைவையும் நிறத்தையும் பார்த்து வங்காளிகள் சூட்டிய பெயர் "காலோ ஹரின்". கருமான் என்று பொருள்.

இனி இறக்கத்தின் கதை. 1997இல் கேரளத்தில் எப்.சி. கொச்சின் என்ற அணி பெரும் ஆரவாரத்துடன் தொடங்கப்பட்டது. விஜயன் தாய்மண்ணுக்குத் திரும்பினார். நம் தமிழகத்து இராமன் விஜயனும் அதே அணியில் ஆடி, 1997-98 தேசியக் கழகப் போட்டியில் 10 கோல்களுடன் முதலிடம் பெற்றார். ஓர் அணியில் இரு விஜயர்கள் என்று அந்நாளில் பேசிக்கொண்டார்கள். முதல் ஆண்டிலேயே டில்லியில் டுராண்டு கோப்பையை அந்த அணி வென்றது. கேரளத்து அணியொன்று அக்கோப்பையைத் தொட்டது அதுவே முதன்முறை. ஆயினும் ஐந்தே ஆண்டுகளில் பணநெருக்கடியில் சிக்கி, 2002இல் அந்த அணி கலைந்தே போயிற்று. ஜே.சி.டி. அணியும் 2011இல் மூடப்பட்டது. ஆட்டக்காரனின் கால் மட்டும் உடையும் என்று நினைக்கிறோம். அவன் நிற்கும் தரையும் உடைகிறது.

இதற்கிடையில் 1999இல் காட்மாண்டுவில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய பன்னிரண்டாவது வினாடியிலேயே விஜயன் ஒரு கோல் போட்டார். நாம் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கி முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. அப்படிப்பட்டவர் அதற்குப் பின் ஒவ்வோர் அணியாக மாறிக்கொண்டிருந்தார்: ஈஸ்ட் பெங்கால், மறுபடியும் ஜே.சி.டி., கோவாவில் சர்ச்சில் சகோதரர்கள், மறுபடியும் ஈஸ்ட் பெங்கால். வயது ஏற ஏற ஓட்டம் குறைவது எவருக்கும் இயல்பு. 2003இல் ஐதராபாத்தில் ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது அவருக்கு முப்பத்து நான்கு வயது. அந்தப் போட்டியில் நான்கு கோல்கள் போட்டு, எல்லோரையும்விட அதிகம் போட்டவர் என்ற பெயரோடு, வெள்ளிப் பதக்கம் பெற்ற இந்திய அணியிலிருந்து அவர் விடைபெற்றார். அவ்வாண்டே அர்ச்சுனா விருது. 2006இல் ஆட்டத்தையே முடித்துக்கொண்டார். அதே ஆண்டில் "திமிரு" படத்தில் வில்லனாய் நடித்தார். நம் பங்கு இளைஞர்களில் பலருக்கு அவரை அந்த முகமாகத்தான் தெரியும் என்பது நமக்குச் சற்று வருத்தமே.

ஏறுவதும் இறங்குவதும் ஏழை நாட்டு ஆட்டக்காரனுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடலாகாது. ஸ்பெயின் நாட்டில் மாட்ரிட் அருகே பிறந்த பெர்னாண்டோ டோரஸ் பத்தொன்பது வயதில் தம் ஊர் அணியான அட்லெடிகோவின் தலைவரானவர். 2008இல் வியன்னாவில் ஜெர்மனிக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஒரே கோலைப் போட்டு நாட்டையே கூத்தாட வைத்தவர். 2011ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் லண்டனின் செல்சி அணி அவரை 5 கோடி பவுனுக்கு வாங்கியது. அதன்பின் 903 ஆட்ட நிமிடங்கள் அவர் காலிலிருந்து ஒரு கோலும் புறப்படவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் மான்செஸ்டரில், கோல்காப்பாளரையும் தாண்டிச் சென்று, எதிரே ஒருவருமில்லாத வெற்றுக் கோலுக்கு வெளியே பந்தை உதைத்தார். உலகமே சிரித்தது. அன்று அதே ஆட்டத்தில் அவர் ஒரு கோல் போட்டிருந்தார் என்பதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

ஏழு மாதம் கழித்து, 2012 ஏப்ரல் 24ஆம் நாள், பார்சிலோனா அணியின் மைதானத்தில் ஆட்டம் முடியும் தறுவாயில், பாதி மைதானத்தைத் தனியே கடந்து ஓடி, மறுபடியும் கோல்காப்பாளரைச் சுற்றிக் கடந்து, மறுபடியும் வெற்றுக் கோலின் முன் நின்றார். இம்முறை பந்து உள்ளே சென்றது. அதே கால், அதே வேலை. அடுத்த மாதமே அவருடைய அணி ஐரோப்பியச் சாம்பியன் ஆயிற்று. 2015இல் அவர் அட்லெடிகோவுக்குத் திரும்பியபோது, ஆட்டம் ஏதும் இல்லாத நாளில், வரவேற்பதற்கென்றே பல்லாயிரவர் மைதானத்தை நிறைத்தனர். 2019இல் ஜப்பானில் தம் கடைசி ஆட்டத்தை ஆடினார். அதில் அவர் அணி ஆறுக்கு ஒன்று எனத் தோற்றது. டோரசுக்கு அந்த 903 நிமிடங்களிலும் சம்பளம் வந்துகொண்டிருந்தது. சத்திரப்பட்டித் தறிக்காரியின் மகனுக்கு அப்படி வருமா?

அடுத்த வாரம் தாயும் மகனும் வந்தார்கள். மேற்கண்டதையெல்லாம் சுருக்கிச் சொன்னோம். டோரசின் கதையைக் கேட்கும்போது பையனின் கண்கள் விரிந்தன. அவனுக்கு அது முன்பே தெரிந்திருந்தது என்பதும் புரிந்தது. தாய்க்கோ அதில் அக்கறை இல்லை. அவர் கேட்ட கேள்வி வேறு.

"அந்தத் திருச்சூர்க்காரப் பிள்ளைக்கு அப்புறம் என்ன ஆச்சு சாமி? வேலைய விட்டுட்டாரே?"

மீண்டும் கிடைத்தது என்றோம். ஆட்டம் ஓய்ந்து சில ஆண்டுகளுக்குப் பின் கேரளக் காவல்துறை அவரைத் திரும்ப ஏற்றுக்கொண்டது. மலப்புரத்திலுள்ள மலபார் சிறப்புக் காவல் படையில் உயர்ந்து, 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். அவ்வாண்டுதான் பத்மஸ்ரீ விருதும் அறிவிக்கப்பட்டது என்று சொன்னோம்.

"போலீஸ் வேலை திரும்பக் கிடைக்காம இருந்திருந்தா?"

இதற்கு நாம் உடனே பதில் சொல்லவில்லை. நம் நினைவுக்கு வந்தவர் வி. பி. சத்யன். விஜயனோடு அதே காவல்துறை அணியில் ஆடியவர். இந்திய அணிக்கே தலைமை தாங்கியவர். 1992இல் நம் கோயம்புத்தூரில் நடந்த சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் கேரள அணியின் தலைவராய்க் கோப்பையைக் கையில் ஏந்தியவர். பின்னர் சென்னையில் இந்தியன் வங்கியில் பணி. வேலை இருந்தது, சம்பளம் இருந்தது. ஆயினும் காயங்கள் கால்களை முடக்கியபின், ஆட்டமில்லாத வாழ்வின் வெறுமையை அவரால் தாங்க இயலவில்லை. 2006 ஜூலையில், நாற்பத்தொன்றாம் வயதில், மனச்சோர்வுக்கு இரையாகித் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். ஆகவே சோற்றுக்கு வழி இருந்தால் போதும் என்று அந்தத் தாயிடம் சொல்ல நமக்கு நா எழவில்லை. பந்து நின்றபின்னும் தன்னை மதிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உறுதியும் ஓர் ஆட்டக்காரனுக்கு வேண்டும். அதைத் தருவது எந்த அணியின் வேலையும் அன்று. அது வீட்டின் வேலை. அவரிடம் இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. வீட்டில் இவனோடு பந்தைப் பற்றிப் பேசுவதுண்டா என்று மட்டும் கேட்டோம். "எனக்கு அதுல என்ன தெரியும் சாமி" என்றார்.

பையனிடம் மட்டும், "தம்பி, அந்த முழங்கால்?" என்றோம். "அது சும்மா சுளுக்கு சாமி" என்றான். அவனுக்குக் குமரி மாவட்டத்து மைக்கேல் சூசைராஜைப் பற்றிச் சொன்னோம். இரவிபுத்தன்துறை என்னும் மீனவர் ஊரிலிருந்து புறப்பட்டு, சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் அணிகளில் ஆடி, கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் சேர்ந்து, அவ்வணி 2019-20இல் சாம்பியன் ஆனபோது அதில் இருந்தவர். 2020 நவம்பர் 20ஆம் நாள், புதிய பருவத்தின் முதல் ஆட்டம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, முழங்காலில் அடிபட்டு வெளியே கொண்டுசெல்லப்பட்டார். அந்தப் பருவம் முழுதும் அவருக்கு அவ்வளவோடு முடிந்தது. பின்னர் அவர் ஒடிசா அணிக்காக மீண்டும் களமிறங்கினார் என்பது உண்மைதான். ஆனால் முழங்காலை மருத்துவரிடம் காட்டாமல் அம்மா நெய்த துணியைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறவன் முன்வரிசை ஆட்டக்காரன் அல்லன், முட்டாள் என்று சற்றுக் கடுமையாகவே கூறினோம். தாய் முதன்முறையாகப் புன்னகைத்தார்.

முடிவில் ஏற்பட்ட ஏற்பாடு இதுவே. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் பதினோராம் வகுப்பில் சேர்வோருக்குத் தேர்வு உண்டு. உணவும் தங்குமிடமும் பயிற்சியும் அங்கேயே. பள்ளிப் படிப்பும் தொடரும். அதற்கு விண்ணப்பிப்பது, இடம் கிடைத்தால் பிளஸ் டூ முடியும்வரை புத்தகத்தையும் பந்தையும் சேர்த்தே பிடிப்பது, கிடைக்காவிட்டால் மாமா பார்த்து வைத்த பாலிடெக்னிக். ஞாயிற்றுக்கிழமைப் பந்தை எவரும் தடுப்பதில்லை. பையன் சம்மதித்தான். தாய் சம்மதித்தாரா என்று கேட்டால், மறுக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். பாலிடெக்னிக்கில் தேடிக்கொடுத்த இடத்தை மாமா எவ்வளவு நாள் காத்து வைத்திருப்பார் என்ற கவலை அவர் முகத்தில் இருந்தது.

தேர்வுக்கு முந்தைய ஞாயிறு, பூசையும் ஞானஸ்நானம் ஒன்றும் முடிந்தபின், நாம் திருவில்லிபுத்தூருக்குச் சென்றோம். தாயையும் உடன் அழைத்தோம். தறி ஓடாத நாள். மகன் ஆடி அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. தூரத்தில் கோயில் கோபுரம் தெரிய, புழுதி பறக்கும் மைதானத்தின் ஓரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றோம். வெயிலுக்குத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அவர் ஆட்டத்தைப் பார்த்தார்.

முதற்பாதியில் பையனுக்கு அருமையான வாய்ப்பு ஒன்று வந்தது. கோல்காப்பாளன் முன்னால் வந்துவிட்டான். கோல் வெறுமையாய்க் கிடந்தது. பந்து கம்பத்துக்கு ஒரு முழம் தள்ளி வெளியே போயிற்று. சுற்றி நின்ற பையன்கள் கூச்சலிட்டு ஏசினார்கள். அவன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். தாய்க்கு என்ன நடந்தது என்று விளங்கவில்லை. ஏசுகிறார்கள் என்பது மட்டும் விளங்கியது. "ஏன் சாமி திட்டுறானுக?" என்றார். சொன்னோம். பேசாமல் இருந்தார்.

இடைவேளை முடிந்து இரு அணிகளும் பக்கம் மாறி நின்றன. மகன் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கியதும் அந்தத் தாய் திடுக்கிட்டு நம்மைப் பார்த்தார்.

"சாமி, இவன் ஏன் இப்ப அந்தப் பக்கம் ஓடுறான்? நம்ம பக்கம் எது?"

வலப்புறத்துக் கோலைக் காட்டி, இனி அங்கேதான் போட வேண்டும் என்று விளக்கினோம். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நம்மை விட்டு அந்தக் கோலுக்கு அருகே போய் நின்றுகொண்டார்.